அது நீலச் சட்டைதான்

கெடுத்துவிட்டு ஓடினாளா? யார் சொன்னது? செத்துக் கிடந்த டிவியை எழுப்பி உட்கார வைத்தவளைப் போய்க் கெடுத்தவள் என்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் கண் எங்கே இருக்கிறது? தையல்கடைத் திறப்பு நாளன்று அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். கண்ணால் பார்த்ததை அங்கேயே போட்டுவிட்டு, காதில் விழுந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். மாவு மில்காரி சொல்கிறாள், "பாவம், வயசாயிடுச்சில்ல, கை நடுங்குது. ஏதோ ஒயரை மாத்திச் சொருகிட்டா. அவமானம் தாங்காம போயிட்டா." கை நடுங்குகிறதாம்! கோபம் தலைக்கேறினால் அவளுக்கு உதடு நடுங்கும். கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், டிவிக்குள் இருந்த உசத்தியான சாமானைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள் என்கிறார். அந்த மனுஷனைக் கேட்டால் ஊரில் எல்லாருக்கும் ஒரு வியாதி, எல்லாரிடமும் ஒரு திருட்டு. நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

அவள் தையல்காரரின் தங்கை. தெருவுக்கு அவள் கலரக்கா. அந்தப் பெயரை அன்பாக வைத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இளவயதில் அவள் கலர் டிவி செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள். டிவிக் கண்ணாடிக்கு நேரே உட்கார்ந்து, சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே வெள்ளைக் கோடாகிற வரை திருகிக்கொண்டே இருப்பாள். கோட்டின் ஓரத்தில் மயிரிழை அளவு சிவப்பு எட்டிப் பார்த்தால் போதும், அந்தப் பெட்டி அவளைத் தாண்டி நகராது. கம்பெனியை இழுத்து மூடினார்கள். மற்ற பெண்கள் எல்லாம் வேறு வேலைக்கு, வேறு வீட்டுக்குப் போனார்கள். இவள் கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்தது உடம்புதான். கண் அந்தக் கண்ணாடியை விட்டு வரவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் நேராக டிவியிடம்தான் போவாள். உட்காரச் சொல்வதற்குள் கலரைக் குறைத்திருப்பாள். "மூஞ்சியெல்லாம் தக்காளியா இருக்கு, எப்படிப் பாக்கறீங்க?" என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு திட்டும் கிடைக்கும். ஒரு தடவை துக்கம் கேட்கப் போன வீட்டில், அழுதுகொண்டிருந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் குமிழைத் திருகிவிட்டாள். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவர் வச்சிட்டுப் போன கலரும்மா அது, அப்படியே விட்டுடு" என்றாள். இவள் விட்டாளா? "அவர் இருந்தப்பவே நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். இப்படிப்பட்டவளை ஊர் எப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும்? அவளிடம் குறையே இல்லை என்று யாரும் வாதாட வரவில்லை. ஆனால் வேலையில் அவளைக் குறை சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அண்ணன் வீட்டில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு நடை. அதுதான் அவளுக்குப் பட்டறை. மரப்பெட்டி டிவி, கதவு வைத்த டிவி, பின்பக்கம் கழன்ற டிவி என்று சுவரோரம் முழுக்க அடுக்கியிருப்பாள். பழைய டிவியை அலங்காரத்துக்கு வைக்கிற காபிக்கடைக்காரர்கள், பழைய வீடியோ கேம் ஆடுகிற பையன்கள் என்று யாராவது தேடி வந்துகொண்டேதான் இருந்தார்கள். துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணி அந்த நடையில் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். "நான் உங்களைக் கட்டிக்கிட்டு வந்தேனா, இல்ல இந்த குடோனுக்கு வாச்மேனா வந்தேனா?" என்று புருஷனிடம் கேட்பது போல நாத்தனாருக்குக் கேட்கும்படி சொல்வாள். இவளும் சளைக்க மாட்டாள். "வாச்மேன்னா தூங்காம இருக்கணும் அண்ணி. நீங்க பகல்லயே தூங்கறீங்க." அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் இவள் கையில் இருக்கிற பாகம் ஈரமாகும். இவள் பற்ற வைத்தால் ஈயப்புகை குழம்பில் போய் விழும். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது, இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை.

அப்போதுதான் தையல்காரர் பெரிய கடை பிடித்தார். அண்ணன் மகள்தான் அதை நடத்தப்போகிறவள். கண்ணாடிச் சன்னலில் வைக்க அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "அப்பா, நம்ம கடைக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே அந்தப் பழைய டிவிதானே. அதையே ஓட விடுவோம். அத்தை சரி பண்ணிக் குடுத்துடுவாங்க."

அந்த டிவியின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலர் ஒளிபரப்பு ஆரம்பித்த காலத்தில் தெருவிலேயே கலர் டிவி வைத்திருந்தது தையல்கடைதான். முதல் நாள் சாயங்காலம் கடை கொள்ளாத கூட்டம். அதுவரை கறுப்பு வெள்ளைப் பெட்டிமேல் மூன்று நிறப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்துக்கொண்டு, தன்னிடமும் கலர் டிவிதான் என்று சாதித்துக்கொண்டிருந்த வாத்தியார்கூட வந்து நின்றார். அவர் வீட்டில் செய்தி வாசிக்கிறவர்களுக்கு நெற்றி நீலம், மூக்கு சிவப்பு, கழுத்துக்குக் கீழே பச்சை. இங்கே முகத்துக்கு முகத்தின் நிறம். குழந்தைகள் கண்ணாடியைத் தொட்டுவிட்டு, விரலில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள். தையல்காரர் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். கொஞ்சம் குறையேன் என்று யாரோ சொன்னதற்கு, "காசு குடுத்தது கலருக்கு. குறைக்கிறதுக்கா?" என்றார்.

செய்தி வாசித்த பெண் திரையின் ஒரு மூலையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் போட்டிருந்த சட்டையைப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். கத்தரிப்பூ நிறம். இலேசாகச் சிவப்பு ஓடிய கத்தரிப்பூ. மறுநாள் காலையில் கடைவாசலில் எல்லாருக்கும் அதே சட்டை வேண்டும். தையல்காரர் அந்த நிறத் துணியைக் கட்டுக் கட்டாக இறக்கித் தைத்துத் தள்ளினார். பெயர்ப்பலகையை அந்த நிறத்தில் எழுதினார். துணிப்பைகூட அந்த நிறம்தான். அப்போது கலரக்கா கம்பெனி ஊரில் இருந்தாள். அவள் வேலை போய் வீட்டுக்கு வருவதற்குள் டிவி படுத்துவிட்டது, பரணில் ஏறிவிட்டது. கதையைத்தான் கேட்டாள். பார்க்கவில்லை.

"அதை மட்டும் எழுப்பிக் குடு" என்றார் அண்ணன். "புதுக் கடையில பின்னறை உனக்கு. சன்னல் இருக்கு, தனி ஸ்விட்ச் போர்டு இருக்கு. உங்க அண்ணியும் நிம்மதியா இருப்பா."

தனக்கென்று கதவு வைத்த ஓர் இடம் அவளுக்கு ஆயுளில் வாய்த்ததில்லை. மேஜை எங்கே, பிக்சர் டியூப்களை எந்தச் சுவரோரம் சாய்ப்பது என்று அன்றைக்கே மனசுக்குள் சாமான்களை நகர்த்த ஆரம்பித்துவிட்டாள். டிவியைப் பரணிலிருந்து இறக்கிப் பின்பக்கம் திறந்தால் கரப்பான் குடும்பம் ஒன்று, தூசிப் பஞ்சு, நடுவில் தையல்கடை நூல். எப்படித்தான் உள்ளே போகுமோ! டியூப் போய்விட்டிருந்தது. அலையாய் அலைந்து, மூடிய லாட்ஜ் ஒன்றின் சாமான் அறையில் அதே அளவு டியூப் ஒன்றைப் பிடித்தாள். காய்ந்துபோன பாகங்களை எல்லாம் மாற்றினாள். கோடு வெள்ளையாகிற வரை திருகினாள். சாப்பிடக் கூப்பிட்டால், "பச்சை இன்னும் உள்ளே வரல" என்பாள். அண்ணி தட்டை மூடி வைத்துவிட்டு, "பச்சை வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுங்க" என்று போய்விடுவாள்.

அண்ணன் மகள் அந்த முதல் நாள் செய்தியின் பதிவை எங்கெங்கோ விசாரித்து வாங்கி வந்தாள். வீடியோவை மாட்டி ஓட விட்டார்கள். படம் கண்ணாடிமாதிரி வந்தது. அதே பெண், அதே மூலை, அதே சட்டை.

நீலம். நல்ல தெளிந்த நீலம்.

தையல்காரர் கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது? நிறத்தைத் தப்பா வச்சிருக்கே."

"தப்பா? அவங்க கைக்கடியில இருக்கிற தாளைப் பாருங்கண்ணே. வெள்ளை வெள்ளையா இருக்கா இல்லையா? வெள்ளை சரின்னா எல்லாம் சரி."

"நூல் நிறம் பாத்துத் தைக்கிறவன்டி நான். ஊரே பாத்துச்சு. கத்தரிப்பூ!"

அவள் மரப்பெட்டியைச் சுற்றி வந்தாள். பக்கப் பலகையில் கீழ்ப்பக்கமாக ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி மரம் தேய்ந்து பளபளத்தது. "இங்க என்ன தொங்கும்?" என்று கேட்டாள்.

அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "வேற என்ன? காந்தம்தான். ஊசி கொட்டினா அள்ள அதை எடுப்பார், அள்ளிட்டு அங்கயே மாட்டுவார்."

கலரக்கா தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கலர் டிவி பக்கத்தில் காந்தம்! கம்பெனியில் இரும்பு ஜிமிக்கி போட்டு வந்தால்கூடச் சந்தேகப்பட்டுக் கழற்ற வைப்பார்கள். இவர் குண்டுக் காந்தத்தைக் குழந்தைக்குத் தாயத்துக் கட்டுகிற மாதிரி கட்டித் தொங்க விட்டிருக்கிறார். எழுந்துபோய்த் தையல் மிஷின் டிராயரிலிருந்து அந்தக் காந்தத்தை எடுத்து வந்து, ஆணிக்கு நேராக ஒரே ஒரு நிமிஷம் பிடித்தாள். மூலையில் இருந்த நீலச் சட்டை மெல்ல மெல்லச் சிவப்பேறிக் கத்தரிப்பூ ஆனது.

"ஐயோ" என்றாள் அண்ணன் மகள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

காந்தத்தை எடுத்த பிறகும் கறை போகவில்லை. கலரக்கா ஒரு கம்பிச்சுருள் வளையத்துக்குக் கரண்ட் கொடுத்து, கண்ணாடிக்கு எதிரே சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்து, பழையபடி நீலமாக்கினாள். தையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "அப்போ காந்தத்தை அங்கயே தொங்க விட்டுடு."

"என்ன?"

"கடைக்கு வர்றவங்க பாக்க வேண்டியது கத்தரிப்பூ. பலகை அந்த நிறம், பை அந்த நிறம். டிவியில மட்டும் நீலமா?"

"பலகையில என்ன நிறம் வேணா எழுதிக்குங்க. நான் கேக்க மாட்டேன். இந்த டியூப் கிட்ட காந்தத்தைக் கொண்டு வராதீங்க. நாள் கணக்கா தொங்கினா உள்ள இருக்கிற தகட்டுல காந்தம் ஏறிடும், அப்புறம் வளையத்துக்கும் மசியாது. இன்னொரு டியூப்புக்கு நான் எங்க போவேன்?"

இரண்டு நாள் வீடு சண்டைக்களமாக இருந்தது. அண்ணன் சாப்பிடவில்லை, தங்கை சாப்பிடவில்லை, சமைத்ததை எல்லாம் தானே தின்று தீர்த்ததாக அண்ணி பிற்பாடு சொன்னாள். கடைசியில் மகள்தான் அப்பாவைச் சரிக்கட்டினாள். அவரும், "சரி விடு. யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்" என்று பின்னறைச் சாவியைத் தங்கை கையில் கொடுத்தார். அவள் மேஜையைக் கொண்டுபோய்ப் போட்டாள். சன்னலோரம் பல்பு மாட்டினாள். கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்த்து, திறந்து பார்த்து, மறுபடி சாத்தினாள்.

திறப்பு நாள் வந்தது. சன்னலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் அதன் முன்னால்தான். முன்பு அந்தச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்ட பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, வெடுக்கென்று பேசுகிறவள், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "என்னப்பா தையல்காரரே, நீலமா இருக்கு? கத்தரிப்பூன்னு சொல்லித்தானே எங்க எல்லார் தலையிலயும் கட்டினே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரர் தோளில் அளவுநாடாவோடு ஒருத்தரின் கையை அளந்துகொண்டிருந்தார். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அட, சட்டை கத்தரிப்பூதாங்க. என் தங்கச்சி பழுது பாக்கறேன்னு நிறத்தைக் கெடுத்துட்டா. வயசாயிடுச்சு, முன்னமாதிரி கண்ணும் இல்ல, கையும் இல்ல. என்ன செய்ய, வீட்டு மனுஷி" என்றார்.

கலரக்கா டிவிக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள், ஒயர் யார் காலிலும் இடறாமல் பார்த்துக்கொண்டு. நிமிர்ந்தாள். உதடு நடுங்கியது.

"அண்ணே, இப்போ என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா விளையாட்டுக்கு."

"அப்படின்னா விளையாட்டு போதும். காந்தம் தொங்க விட்டது நீங்கன்னு சொல்லுங்க. அது நீலச் சட்டைன்னு சொல்லுங்க. இவங்க எல்லாம் இருக்கறப்பவே சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால், கத்தரிப்பூ நிறப் பலகைக்கு அடியில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வார்? "உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்றார். "வந்தவங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்னுதான் கேக்கறேன்."

அவள் பின்னறைக்குப் போனாள். ஸ்க்ரூடிரைவர், மீட்டர், கம்பி வளையம், மாற்றுப் புடவை இரண்டு. பை ரொம்பிவிட்டது. அறையை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைக் கொண்டுவந்து துணி வெட்டுகிற மேஜைமேல் வைத்தாள். மருந்துக்கடைக்காரர் காதில் விழட்டும்: அந்தப் பை வாய் திறந்துதான் இருந்தது, உள்ளே இருந்தது அத்தனையும் அவளுடைய சொந்தச் சாமான்.

அண்ணி முன்னால் வந்து மறித்தாள். இத்தனை வருஷமாக எப்போது போவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள்தான். இப்போது பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போறீங்க? என்னை அந்த மனுஷன்கிட்ட தனியா விட்டுட்டா? சாப்பாடாவது சாப்பிட்டுட்டுப் போங்க."

"கம்பெனியில என் பக்கத்துல உக்காந்து வேலை செஞ்சவ வீட்டுக்கு. விடுங்க அண்ணி, பை பிஞ்சிடும்."

"அத்தை, எப்போ வருவீங்க?" என்று மகள் ஓடி வந்தாள்.

"உங்கப்பா வாயைத் திறக்கட்டும், வரேன்."

வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களிடம், "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். விட்டார்கள். உள்ளே தையல்காரர் குனிந்த தலை நிமிராமல், முழங்கை அளவை வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார், குறித்துக்கொள்ள வேண்டிய மகள் வாசலில் நிற்கிறாள் என்பதுகூடத் தெரியாமல். கலரக்கா படியிறங்கி, பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.