பிடியரிசிக் கலயம்

என் அடுக்களைப் பலகையில் ஒரு மண்கலயம் இருக்கிறது. ஒரு படி அரிசிகூடப் பிடிக்காது. வாயில் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருக்கும். வயிற்றில் சுண்ணாம்பால் போட்ட சிலுவை பாதி அழிந்து, யாரோ விரலைத் துடைத்துவிட்டுப் போன மாதிரித் தெரிகிறது. எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுமுன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஒரு வார்த்தை ஜெபித்து, இப்படி ஒரு கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஓலைப்பெட்டியில் கொட்டுவார்கள். சுவிசேஷ வேலைக்கென்று சேரும் அரிசி அது. எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்தவள் நான் என்பதால் அதில் ஒரு பங்கு என் வயிற்றுக்கும் வந்தது. இந்தக் கலயம் என்னுடையதல்ல, என் மதினியுடையது. இதைப் பார்க்கும்போது எனக்கு முதலில் வருவது துக்கமல்ல, பொறாமை. அதை மறைத்து எழுத நான் உட்காரவில்லை.

நான் பாளையங்கோட்டை விடுதிப் பள்ளியில் படித்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தேன். பிறகு வேதப்பெண் வேலைக்குப் பயிற்சி பெற்று, ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வெளியே வராத பெண்களை வீடுவீடாகத் தேடிப்போய் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், வேதக் கதைகளை எடுத்துச் சொல்வதும்தான் வேதப்பெண்ணின் வேலை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, புத்தகப் பை என்று நான் தெருவில் போனால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம் உண்டு. அன்றைக்குச் சொல்ல வேண்டிய பாடத்தை விடியற்காலையில் விளக்கடியில் உட்கார்ந்து உரக்க வாசிப்பேன். மதினி அடுப்படியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஓர் எழுத்துத் தெரியாது. கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடுவாள். கேட்டால், "பாட்டு மனசுலதான இருக்கு, எப்படிப் பிடிச்சா என்ன?" என்பாள்.

அண்ணனுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. இலை கிள்ளும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் அகத்தி நிழலில் உட்கார்ந்து நூறு இலைக்கு ஒரு கவுளியாக அடுக்குவார்கள். நடுவில் மதினி இருப்பாள். கை பாட்டுக்கு இலை எண்ணும், வாய் பாட்டுக்குக் கதை சொல்லும். நான் பயபக்தியோடு வாசித்த கதையெல்லாம் அவள் வாயில் வேறு கோலம் பூண்டுவிடும். காணாமற்போன காசைத் தேடிய பெண்ணின் கதையில் காசுக்குப் பதில் மூக்குத்தி தொலையும், அதுவும் கொடிக்கால் வாய்க்காலில். "எங்க அத்தான்கிட்ட சொன்னா உரிச்சிப்புடுவாகன்னு அவ பைய பைய, ஒரு சத்தமில்லாம தேடுதா," என்று அவள் சொல்ல, பெண்கள் இலையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "வேதத்தில் மூக்குத்தி இல்லை மதினி, வெள்ளிக்காசு," என்று எல்லார் முன்னாலும் திருத்தினேன். "அப்படியாளா? படிச்சவ சொன்னாச் சரிதான்," என்று ஒத்துக்கொண்டு, அடுத்த நிமிஷமே மூக்குத்தி கிடைத்த இடத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் என் வெள்ளிக்காசைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான் போகும் வீடுகளில் தறிகாரர் வீடு ஒன்று. அங்கே ஒரு விதவை, என்னைவிட நான்கைந்து வயது இளையவள், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கொழுந்தன் தயவில் இருந்தாள். நாள் முழுக்க ராட்டினத்தில் நூல் சுற்றுவாள். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போய் அவளுக்கு இரண்டு வருஷம் பாடம் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் ஒரு கேள்வி கேட்க மாட்டாள், முகத்தில் ஓர் அசைவு இருக்காது. அந்த ஊருக்கு நான் வந்து அத்தனை காலமாகியும் என் மூலமாக ஒருத்திகூட ஞானஸ்நானம் கேட்கவில்லை. ஒருத்தி, ஒரே ஒருத்தி சபை முன்னால் நின்று என் பெயரைச் சொன்னால் போதும் என்று ஏங்கிக் கிடந்தேன். அவளாக இவள்தான் இருப்பாள் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் பிசான நெல் விளைச்சல் பொய்த்தது. ஊரே கஞ்சிக்கு இறங்கியது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியின் கலயம் லேசாக வருவதைக் கவனித்தேன். பெட்டியில் கவிழ்த்தால் நாலு மணி அரிசி விழும். வீட்டிலோ அவள் தினமும் பிடி போடுவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஒரு வியாழக்கிழமை ஆற்றிலிருந்து திரும்பும்போது விஷயம் விளங்கியது. தாழம்புதர் ஓரத்தில் மதினி கலயத்தைச் சாய்க்க, என் தறிவீட்டு விதவை மடியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் சிரித்து நான் கண்டதில்லை. அரிசி போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தச் சிரிப்புதான் என் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது.

மறுநாளே குருவானவரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் அவரை ஐயர் என்றுதான் சொல்வோம். "காணிக்கை அரிசி கோயிலுக்கு வருவதில்லை ஐயா. சபை ஒழுங்குக்காகத்தான் சொல்கிறேன்," என்றேன். யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருந்தால் அவர் மனம் இளகியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர் மதினியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"கலயத்து அரிசிய எடுத்தியாம்மா?"

"எடுத்தேன் ஐயா."

"என்னத்துக்கு எடுத்த?"

"ஒரு பசிக்கு ஐயா."

"யாரு பசிக்கு?"

மதினி வாயைத் திறக்கவில்லை. கோயில் அரிசி வாங்கித் தின்றாள் என்று தெரிந்தால் கொழுந்தன் அன்றைக்கே அந்த விதவையைப் பிள்ளைகளோடு தெருவில் நிறுத்திவிடுவான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐயர் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் நற்கருணைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த நற்கருணை நாளில் அவள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் முன்னே போய் முழங்கால்படியிட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்கினேன். வீட்டுக்கு வந்தபோது எனக்குச் சோறு எடுத்துவைத்து, "குழம்பு உறைப்பா இருக்கு, மோரு ஊத்திக்கோளா," என்றாள். ஐயரிடம் சொன்னது யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அந்த விதவை கொழுந்தன் வீட்டைவிட்டு வந்துவிட்டாள். கொடிக்கால் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வெற்றிலை அடுக்கப் போனாள். பிறகு ஒரு ஞாயிறு அவளாகவே கோயிலுக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டாள். அப்படிக் கேட்பவர்களை, உனக்கு இந்த வழியைக் காட்டியது யார் என்று சபை முன்னால் விசாரிப்பது ஐயரின் வழக்கம். நான் முன்வரிசையில் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் என்னைத் தாண்டிக் கடைசிப் பாயைக் கைகாட்டினாள். "அந்தா அங்கன இருக்கா பாருங்க, அந்த அக்காதான். எம் பிள்ளைக பசியில கெடந்தப்போ அரிசி போட்டா. இது யாரு வீட்டு அரிசி, அக்கான்னு கேட்டேன். ஆண்டவரு வீட்டு அரிசி, ஒனக்குன்னுதான் வச்சிருக்காருன்னு சொன்னா. அவரு யாருன்னு நாந்தான் தொளைச்சித் தொளைச்சிக் கேட்டேன்."

ஐயர் கடைசிப் பாய்வரை நடந்துபோய், எல்லார் முன்னாலும் மதினியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பதறி எழுந்தாள். "ஐயோ, எனக்கு என்ன தெரியும் ஐயா? நான் எழுத்துத் தெரியாதவ. எங்க நாத்தனா விடியக்காலம் சத்தம் போட்டு வாசிக்கா. அடுப்படியில இருந்து கேட்டதைத்தான் நான் அங்கன போயிச் சொல்லுதேன். எல்லாம் அவ சொன்னதுதான்," என்று என்னைக் காட்டினாள்.

எல்லார் தலையும் என் பக்கம் அன்போடு திரும்பியது. நான் ஏங்கிக் கிடந்த நாழிகை அதுதான். ஆனால் அது என்னைச் சுட்டது. என் வார்த்தை என் வாயிலிருந்து போனபோது தறிவீட்டுச் சுவரில் முட்டிக் கீழே விழுந்தது. அதே வார்த்தை மூக்குத்தி போட்டுக்கொண்டு அவள் வாயிலிருந்து போனபோது வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. எனக்கு வராதது அவளுக்கு வந்துவிட்டுப் போகட்டும். அதைத் தூக்கி என் கையில் கொடுக்கவும் அவளால் முடிந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞானஸ்நானத்தில் என்ன பெயர் வேண்டும் என்று கேட்டபோது, அந்தப் பெண் மதினியின் பெயரையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வருஷத்து விஷக்காய்ச்சலில் மதினி போய்விட்டாள். ஐயரிடம் சொன்னது நான்தான் என்பதைக் கடைசிவரை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே கலயத்தை எடுத்து என் அடுக்களையில் வைத்துக்கொண்டேன். இப்போது தினமும் நான்தான் பிடி போடுகிறேன். கால் வீங்கிக்கிடப்பதால் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. மதினி பெயரைத் தாங்கியவள்தான் சனிக்கிழமை வந்து கலயத்தை எடுத்துப்போய், ஞாயிறு திருப்பிக் கொண்டுவருகிறாள்.

சென்ற ஞாயிறு கோயிலிலிருந்து வந்த பெண்ணொருத்தி என் காதோடு சொன்னாள். "ஒங்க கலயத்துல நாலு மணிதான் விழுந்துது. வாரா வாரம் இப்படித்தான் ஆகுது. ஐயர்கிட்ட ஒரு வார்த்தை போடுங்களேன்."

என் கைப்பிடியின் அளவு எனக்குத் தெரியும். ஏழு நாளும் நிறையப் போட்ட அரிசி அது. வழியில் யாரோ மடி விரிக்கிறார்கள். யாரென்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவர்களும் சபை முன்னால் நிற்பார்கள், இவள் பெயரைச் சொல்வார்கள். அது மதினியின் பெயரும்தான். என் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எரிந்துகொண்டேதான் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பிடியாகப் போட்டுவருகிறேன்.