பேயை எங்கள் வீட்டில் விட்டுப் போனவர்கள்

ஊழியக்காரர் வீட்டுக்கு ஜனங்கள் அரிசியும் கோழியும் கொண்டுவந்து குவிப்பார்கள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். தாராவியில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் பேயைத்தான் கொண்டுவந்தார்கள்.

ஊழியக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிரசங்கத்தை அவர்கள் பண்ணிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அந்தப் பிரசங்கத்தோடு நாள் முழுவதும் வீட்டில் குடியிருப்பது நாம்தான்.

அறுபதுகளில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் சங்கம் ஒன்று எங்களைப் பம்பாய்க்கு அனுப்பியது. சங்கத்தின் கணக்கில் பம்பாய் அந்நிய தேசம், நாங்கள் பிறதேச ஊழியர். மராத்தி படிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அதைப் படித்துவிட்டு வந்து இறங்கினால், தாராவிக் குழாயடியில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே குடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மராத்தியைக் காய்கறிக்காரியிடம் மட்டும் செலவழித்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு மூன்று மாதம். அதற்கு முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. இந்தப் பிள்ளை தங்க வேண்டும். அந்த வருஷம் நான் பண்ணின ஜெபம் இது ஒன்றுதான். மற்றவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நான் சொன்னதையெல்லாம் யாராவது நம்பியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

இசக்கியம்மாள் சொளகு

வந்த முதல் வாரமே என் வீட்டுக்காரர் குழாயடிக்குப் பக்கத்தில் நின்று பிரசங்கம் பண்ணினார். செத்தவர்கள் திரும்பி வந்து யாரையும் தொந்தரவு செய்வதில்லை, எங்கள் வீட்டில் எந்தப் பேய்க்கும் பயமில்லை என்று தொண்டை கிழியச் சொன்னார். மறுநாள் காலையில், எங்கள் வரிசையில் நாலாவது கோலியிலிருந்து இசக்கியம்மாள் வந்து நின்றாள். கோலி என்றால் பம்பாயில் ஒற்றை அறை வீடு. அறுபது வயசிருக்கும் அவளுக்கு. கையில் பழஞ்சேலையில் சுற்றிய ஒரு சொளகு, அரிசி புடைக்கிற முறம். காய்ச்சலில் செத்துப்போன அவள் மருமகளுடையதாம். மதியமானால் அடுப்படியில் புடைக்கிற சத்தம் கேட்கிறதாம். எரிக்கவும் பயம், எறியவும் பயம். "நீங்கதான் பயமில்லன்னு சொன்னியள்லா" என்று என் கையில் வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊழியத்தின் முதல் கனி என்று நினைத்துக்கொண்டார். ஒன்றும் ஆகாது என்பதை ஊரே பார்க்கட்டும் என்று வாசலுக்கு நேரே ஆணியடித்து அதை மாட்டினார். அங்கேதான் தப்பு நடந்தது. பேய் இல்லை என்று அவர் சொன்னதை ஜனங்கள், ஊழியக்காரர் வீட்டில் பேய்க்கு இடமிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குச் சத்தம் கேட்டதா என்று கேட்காதீர்கள். அந்த வாரம் மதியமெல்லாம் நான் வாய் ஓயாமல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பாட்டை நிறுத்தினால் என்ன கேட்கும் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. எட்டாம் நாள் இசக்கியம்மாள் முகமெல்லாம் தெளிந்து வந்தாள். சொளகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இப்பம் எங்க வீட்டுல ஒரு சத்தமும் இல்லம்மா. அவ இங்கன சௌரியமா இருக்காளா?"

கண்ணாடியைத் திருப்பியது யார்

அடுத்து வந்தவன் மாரியப்பன். மில்லில் வேலை. அண்ணனும் தம்பியுமாக ஒரே கோலியில் இருந்து ஒரே கண்ணாடியில் முகம் மழித்தவர்கள். அண்ணன் நெஞ்சு நோயில் போன பிறகு, மாரியப்பன் காலையில் கண்ணாடி முன்னால் நின்றால் தோளுக்குப் பின்னால் அண்ணனும் தன் முறைக்காகக் காத்து நிற்கிறானாம். "திட்டவும் மாட்டான், பேசவும் மாட்டான். சும்மா நிக்கான்" என்றான் மாரியப்பன். பெரிய ஆள், கண்ணாடியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடியை ஜன்னல் ஓரம் மாட்டி மறுநாளே அதில் முகம் மழித்தார். அதற்கடுத்த நாள் நான் எழுந்து பார்த்தால் கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேராக்கி வைத்தேன். மறுநாளும் திரும்பியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வயிற்றுப்பிள்ளைக்காரி காலையில் எழுந்ததும் பார்க்கிற காரியமா இது? ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரசங்கம் குழாயடியில், பயம் வீட்டுக்குள்ளா என்று, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றவரை மடக்கிப் பிடித்தேன். நீங்கள்தானே திருப்புகிறீர்கள் என்றேன்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மொத நாள் நாந்தான் திருப்புனேன். மத்த நாளெல்லாம் நீ திருப்புதேன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

செயலாளர் ஐயாவின் பகல் தூக்கம்

எனக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது சங்கத்தின் செயலாளர் ஐயா ஊரிலிருந்து வேலையைப் பார்வையிட வந்தார். சொளகைப் பற்றியும் கண்ணாடியைப் பற்றியும் நாங்கள் மூச்சுவிடவில்லை. மீன்குழம்பு வைத்தேன். ஐயா நன்றாகச் சாப்பிட்டார். ஊழியத்தில் விசுவாசம் எவ்வளவு முக்கியம் என்று அரைமணி நேரம் பேசினார். பிறகு வாசலுக்கு நேரே பாயைப் போட்டுப் படுத்துக் குறட்டை விட்டார். நான் அடுப்படியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஐயா தூங்கும்போது பாட்டுப் பாட முடியுமா?

மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்தவர் முகத்தில் கடுகடுப்பு. "வேலைக்காரிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதாம்மா? மனுஷன் படுத்திருக்கும்போது தலைமாட்டிலா உட்கார்ந்து புடைக்கிறது? நானும் இரண்டு தடவை போ போ என்று சொல்லிவிட்டேன், தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்கிறாள்" என்றார். எங்களுக்கு வேலைக்காரி ஏது? ரேஷன் அரிசி வாங்குகிற வீட்டில் நெல்தான் ஏது?

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் உள்ளதை உள்ளபடி சொல்லி, இதிலெல்லாம் ஒன்றுமில்லை ஐயா என்று முடித்தார். செயலாளர் ஐயா தலையாட்டினார். எழுந்தார். பாயைச் சுருட்டவில்லை, காப்பிக்கும் நிற்கவில்லை. வாசலில் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க தைரியமா ஊழியத்தப் பாருங்க, தம்பி. மாட்டுங்காவுல எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு, நான் அங்க போயிப் படுத்துக்கிடுதேன்."

வெறுந்தொட்டில்

பாக்கியத்துக்கு இருபது வயசுகூட இருக்காது. புருஷனுக்குத் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. எங்களுக்கு இரண்டு கோலி தள்ளி இருந்தார்கள். அவளுடைய எட்டு மாதப் பையன் ஒரு நாள் மதியம் தொட்டிலில் தூங்கினவன் தூங்கினபடியே போய்விட்டான். அந்த மரத்தொட்டிலைத் தலையில் சுமந்துகொண்டு அவள் எங்கள் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஏழு மாதம். என் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்ததும் தானாகவே இரண்டடி பின்னால் போனாள். அதைப் பார்த்த பிறகு உள்ளே வா என்றேன். தரையில் வைக்கக் கூடாது என்று அவளே உத்தரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனாள்.

வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நான் அதைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அது ஆடியது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகிற அதிர்வுதான் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. ரயில் சத்தம் கேட்டதும் தொட்டிலைப் பார்ப்பேன், ஆடும், அப்பாடா என்றிருக்கும். ஆடி மாத மழையில் ஒரு நாள் தண்டவாளமெல்லாம் தண்ணீரில் முழுகி, காலையிலிருந்து ஒரு ரயிலும் ஓடவில்லை. மதியம் தொட்டில் ஆடியது. காற்றுமில்லை, மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தேன். கொக்கி கிறீச் கிறீச்சென்று நிதானமாகச் சத்தம் போட்டது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். காலையிலெல்லாம் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை வயிற்றுக்குள் அசையாமல் இருந்தது. ஜெபம் பண்ணலாமென்றால் ஒரு வார்த்தை வரவில்லை.

முழங்கால் தண்ணீரில் பாக்கியம் வந்தாள். ஆடுகிற தொட்டிலைப் பார்த்தாள். அவள் அலறவில்லை. நனைந்த சேலையோடு பக்கத்தில் போய் நின்று, "தூக்கம் வராமக் கெடக்கான். எனக்குத் தொண்டை அடைக்கு. நீங்க ஒரு பாட்டுப் படிங்கம்மா" என்றாள். படித்தேன், சகோதரிகளே. பிறதேச ஊழியரின் மனைவி வெறுந்தொட்டிலுக்குத் தாலாட்டுப் படித்தேன். படிக்கப் படிக்கக் கொக்கிச் சத்தம் குறைந்து நின்றுபோனது. என் பிள்ளை ஒரு தடவை புரண்டது. பாக்கியம் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்தாள்: "சத்தம் போடாதிய. தூங்கிட்டான்."

அவரவர் கொண்டுபோனார்கள்

ஒன்பது மாதம் நிறைவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எனக்கு வலி கண்டுவிட்டது. காலை ஒன்பது மணி. என் வீட்டுக்காரர் ஜெபக்கூட்டத்துக்காகக் கல்யாணுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் பேர் பதிந்து வைத்திருந்தோம். ஆனால் டாக்சி வரைக்கும் நடக்க முடியாது என்பது எனக்கே தெரிந்துபோனது. போன இரண்டு தடவையும் இப்படித்தான் முந்திக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். இசக்கியம்மாள் ஓடிவந்தாள். அந்த வரிசையில் பாதிப் பிள்ளைகளை எடுத்தவள் அவள்தான்.

என்னைப் படுக்கவைத்துவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். சொளகு, கண்ணாடி, தொட்டில். "இதுகள வச்சிக்கிட்டு இங்கன பிள்ள பெறக்கப்படாது" என்றாள். வாசலுக்குப் போய் மாரியப்பனையும் பாக்கியத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் வருவதற்குள் ஆணியிலிருந்து தன் சொளகை எடுத்து, "வாளா, வந்து நம்ம வீட்டுல பொடை" என்று மருமகளை அதட்டி, தன் கோலியில் வைத்துவிட்டுத் திரும்பிவந்தாள். மதிய ஷிப்டுக்குப் போக இருந்த மாரியப்பன் பாதி உடுப்போடு வந்து, உள்ளே வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். கண்ணாடியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனான். உங்களுக்குப் பயமில்லையா என்று வலிக்கு நடுவில் இசக்கியம்மாளைக் கேட்டேன். பயந்துதானே கொண்டாந்து வச்சோம், இப்பமும் பயந்தான், அதுக்கு என்ன செய்ய என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்குத் தைரியம் சொல்லத்தான் சங்கத்தார் என்னை அவ்வளவு தூரம் ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு என் மகள் பிறந்தாள். நீலம் பாரித்துத்தான் வந்தாள். இசக்கியம்மாள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினதும் அழுதாள். தங்கினாள். இன்று எனக்கே அவள் புத்தி சொல்கிறாள். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு முன்னால் நிற்பது அதற்குக் கொஞ்ச நேரம் முந்தி நடந்தது. கடைசியாகப் பாக்கியம் வந்தாள். தொட்டிலை இறக்கு என்று இசக்கியம்மாள் விரட்டினாள். அவளோ அவசரப்படவில்லை. முதலில் உள்ளே இரண்டு கையையும் விட்டாள். பாரமுள்ள எதையோ தூக்குகிறவள் மாதிரி தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, மறு கையால் கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தோளில் ஒன்றுமில்லை. தோளில் கிடந்த சேலை மட்டும் கசங்கி அழுந்தியிருந்தது. அந்தத் தோளைப் பார்த்து அவள் சொன்னாள்: "எந்திரி ராசா, நம்ம வீட்டுக்குப் போவோம். இங்கன வேற பிள்ள வருது."

அந்த வருஷம் பம்பாயில் எத்தனை பேரை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டுச் சங்கத்தார் அனுப்பிய காகிதத்தில், மூன்று பேர் எங்கள் பிள்ளைக்காகத் தங்கள் பேயைத் தாங்களே சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்று எழுத இடம் விட்டிருக்கவில்லை என்பதால், என் வீட்டுக்காரர் 'ஒருவருமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.