பீலிக்குத் தகரம் அடித்த ராணி

நான் ஒரு காலத்தில் அழகு ராணியாக இருந்தவள். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். எழுபதுகளின் தொடக்கத்தில், அலுவிகாரைப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகம் சித்திரைப் புத்தாண்டுக்கு நடத்திய போட்டியில் எனக்குப் பட்டம் கிடைத்தது. என்னைப் போன்றவர்களை இப்போது திருநங்கை என்று மரியாதையாக எழுதுகிறார்கள். அன்றைக்கு ஊரார் தமிழிலும் சிங்களத்திலும் எங்களுக்கு வைத்திருந்த பெயர்களை இங்கே எழுதினால் அச்சுக் கோப்பவருக்கே கை கூசும்.

எனக்குத் தொழில் தையல். பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதில் என்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால். ஆண் டெய்லரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்படும் பெண்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். திரையை இழுத்துவிட்டு, மார்பளவு, இடுப்பளவு எல்லாம் கொடுத்து, மாமியார் கதையையும் கொட்டிவிட்டுப் போவார்கள். அதே பெண்கள் மறுநாள் ஊரார் குளிக்கும் தண்ணீர்ப் பீலியில் என்னைக் கண்டால் துணியை இழுத்து மூடிக்கொண்டு, ஆம்பிள வருது என்று கூச்சல் போடுவார்கள். அளவெடுக்கும்போது நான் பெண், குளிக்கப் போனால் ஆண். ஜாக்கெட் கச்சிதமாக இருக்கும்வரை இதில் யாருக்கும் பிழை தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு குழாய் இல்லாத காலம். மலையிலிருந்து இறங்கி ரோட்டோரத்தில் விழும் அந்தப் பீலித் தண்ணீர்தான் எல்லோருக்கும். பின்னேரம் நாலு மணிவரை பெண்களுக்கு, அதற்குப் பிறகு ஆண்களுக்கு. பெண்கள் மார்புக்கு மேல் துணி சுற்றிய குறுக்குக்கட்டோடு நிற்கும்போது தம்புள்ளை பஸ் அந்த வளைவில் முக்கி முனகி ஏறும். பஸ்ஸில் இருக்கும் தலைகள் எல்லாம் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிடும். நான் ஆண்கள் நேரத்தில் போனால் துணியைப் பிடுங்குவார்கள். பெண்கள் நேரத்தில் போனால் விரட்டுவார்கள். ஆகவே உச்சி வெயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போய், உடுத்த சேலையோடு நாலு வாளி ஊற்றிக்கொண்டு ஓடிவருவேன். பயமில்லாமல், நின்று நிதானமாக ஒரு குளிப்பு. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கழகத்தின் அழகு ராணிப் போட்டி முதலில் உண்மையான பெண்களுக்குத்தான் நடந்தது. ஒரு வருடத்து ராணி, மைக் பிடித்த அறிவிப்பாளரோடு யட்டவத்தைக்கு ஓடிப்போனாள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பெண்ணை மேடைக்கு அனுப்பவில்லை. போட்டியை நிறுத்தினால் கழகத்துக்கு மானக்கேடாம். எனவே ஆண்களுக்குச் சேலை கட்டி, மார்புக்குத் தேங்காய்ச் சிரட்டை வைத்து, ஊரைச் சிரிக்க வைக்கலாம் என்று கழகத்தின் செயலாளர் யோசனை சொன்னார், ஊரார் ஐயா என்பதற்குப் பதில் மாத்தயா என்று கூப்பிடும் பெரிய மனிதர். சறுக்கு மரத்துக்கும் தலையணைச் சண்டைக்கும் நடுவில் எங்களை நிறுத்தினார்கள்.

மற்றவர்கள் இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தார்கள். நான் என் கையால் தைத்த ஜாக்கெட்டோடு சாதாரணமாக நடந்தேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. ரேடியோவில் எங்கேயோ கேட்டதை வைத்து, வெளிநாட்டு அழகிகளைக் கேட்பது போலவே எங்களையும் கேட்டார்கள், பட்டம் கிடைத்தால் ஊருக்கு என்ன செய்வீர்கள் என்று. ஒருவன் நடுவரைக் கட்டிக்கொள்வேன் என்றான். கைதட்டல். என் முறை வந்தது.

"பீலியச் சுத்தித் தகரம் அடிச்சு, உள்ளால கொண்டி வச்ச கதவு போடுவேங்க," என்றேன்.

அன்று முழுவதும் அதைவிடப் பெரிய பகிடி நடக்கவில்லை போலும். விழுந்து விழுந்து சிரித்தார்கள், முதல் பரிசையும் கொடுத்தார்கள். சிகரெட் பெட்டித் தாள் ஒட்டிய கிரீடம், சாட்டின் பட்டி, ஒரு அலுமினியப் பேசின், 'ஒரு வருட காலத்துக்கு ராணி' என்று எழுதி கழகத்தின் முத்திரை குத்திய சான்றிதழ். முத்திரை குத்தியதுதான் அவர்கள் செய்த பிழை. என்னிடம் அதுவரை முத்திரை குத்தியது எதுவும் பெண் பெயரில் இருந்ததில்லை.

மறுவாரம் கழகத்துக்குப் போய், தகரம் எப்போது வரும் என்று கேட்டேன். விளையாட்டு மைதானத்தை மறைக்க வருடத்தில் மூன்று நாள் மட்டும் எடுக்கும் தகரங்கள் அவர்களுடைய கட்டடத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. செயலாளர் மாத்தயா அன்பாகத்தான் பேசினார். அது விளையாட்டுக்குச் சொன்னது, பெரிதாக எடுக்கக் கூடாது என்றார். சரி என்று திரும்பி வந்தேன். அடுத்த நாள் பின்னேரம் சேலை கட்டி, பட்டி போட்டு, கிரீடம் வைத்து, கை மெஷினைத் தூக்கிக்கொண்டு கழகத்தின் விறாந்தையில் போய் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கத் தொடங்கினேன்.

ராணி இருக்க வேண்டிய இடம் வேறு எது? தினமும் போனேன். கரம் போர்ட் விளையாட வந்த கனவான்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவர்களுடைய மனைவிமாரே ஜாக்கெட் வாங்க அங்கே வரத் தொடங்கினார்கள். பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன, இந்த முறை கழகத்துப் பக்கம். தாங்கள் வேடிக்கைப் பொருளானதும் அந்த மனிதர்களுக்கு மறைப்பின் அருமை சட்டென்று புரிந்துவிட்டது. மூன்றாவது வாரம் தகரம் பீலிக்குப் போய்ச் சேர்ந்தது. திறப்பு விழாவில் நாடா வெட்டியவர் செயலாளர் மாத்தயா. சமூகசேவை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். என்னைக் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வைத்திருந்தார்கள்.

அடுத்த நாள் பேசினோடு போனேன். உள்ளே இருந்த பெண்கள் கதவைத் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கடைசியில் மிளகாய் மில்லில் வேலை செய்யும் அக்கா ஒருத்தி வெளியே வந்தாள். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. அவள் சொன்னால் அங்கே மறுபேச்சுக் கிடையாது. சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பள்ளிக்கூடம் போன ஒருத்தியிடம் கொடுத்து வாசிக்கவும் சொன்னாள். பிறகு தீர்ப்புக் கொடுத்தாள்.

"ஒரு வருஷத்துக்கு ராணின்னு போட்டிருக்குது. அந்த ஒரு வருஷம் டெய்லர் உள்ள வரட்டும்."

உலகத்தில் சித்திரை மாதத்தோடு காலாவதியாகிற பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் அந்த ஒரு வருடம் குளித்தேன். தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, சீயக்காய் தேய்த்து, ஊர் வம்பெல்லாம் கேட்டுக்கொண்டு குளித்தேன்.

அடுத்த சித்திரை நெருங்கியது. இரண்டாம் வருடத்துக்கும் திட்டம் வைத்திருந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் உட்கார ஒரு வாங்கு, படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு இலவசத் தையல் வகுப்பு. இராத்திரி பகலாக மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறினேன். கழகத்தார் பாடம் படித்திருந்தார்கள். அந்த முறை யாரிடமும் கேள்வியே கேட்கவில்லை. நடக்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், பல்லேபொல பஸ் கண்டக்டர் ஒருவனுக்குக் கிரீடத்தைத் தூக்கி வைத்தார்கள். அன்று காலையில்தான் மீசையை எடுத்திருந்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிறந்ததிலிருந்து பெண்ணாக இருக்கப் பாடுபடுகிறேன், அவன் அரை நாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் அவன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, சிநேகிதர்கள் பின்னால் சிரிக்க, இனி ராணி நான்தானே என்று பீலிக் கதவைத் தட்டினானாம். மில் அக்கா கதவைத் திறந்து ஒரு வாளி சோப்புத் தண்ணீரை அவன் முகத்திலேயே ஊற்றினாளாம். இதை ஜாக்கெட் தைக்க வந்த ஒருத்தி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பழையபடி உச்சி வெயிலில், நாலு மைல் நடந்து, வேறொரு ஓடையில் உடம்பை நனைத்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மில் விட்டதும் அந்த அக்கா நேராக என் கடைக்கு வந்தாள். கை, கழுத்து எல்லாம் சிவப்புத் தூள். எனக்கே தும்மல் வந்தது.

"ஏன் புள்ள ரெண்டு நாளா பீலிப் பக்கம் வரல?" என்றாள்.

"பட்டம் போயிருச்சேக்கா."

அவள் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மிளகாத்தூளு முதுகெல்லாம் எரியுது. எனக்குக் கை எட்டல. மத்தவளுங்க தேய்ச்சா தேய்ச்ச மாதிரியே இல்ல. மெஷின மூடிட்டு வா."