நுரை அடங்கட்டும் என்று காத்திருந்த விரல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். உடம்புக்குள் நடக்கிற சங்கதியை நான் எழுதினால் யார் மதிப்பார்கள்? ஆனால் வாயால் சொன்னதெல்லாம் ஊர் சுற்றிவிட்டு வேறு மாதிரி திரும்பி வருகிறது. அதனால் அம்மன் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.

ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டு நூலை வெளுத்துச் சாயம் போடுகிற கொட்டகை இருக்கிறது. கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்தால் மேலிருக்கும் பசை கழன்று பழுப்பு நுரையாகப் பொங்கும். பிறகு பெராக்சைடு என்ற வெளுக்கும் மருந்து போட்ட தண்ணீரில் ஊறினால் நூல் வெள்ளை வெளேரென்று ஆகும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி இதைப் பார்த்தவள். நுரை வந்தால் அழுக்கு போகிறது, நுரை நின்றால் நூல் சுத்தம். அவளுக்கு அதுதான் கணக்கு.

மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் படவேடு ரேணுகாம்பாளுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூல் முழுவதையும் தன் கையாலேயே நாடாவுக்குள் போகும் தார்க்குச்சியில் சுற்றித் தருவதாகவும் வேண்டுதல். பேத்தி சுகமாகப் பிறந்தாள். முள்ளிப்பட்டில் அந்தப் புடவையை நெய்ய ஒப்புக்கொண்ட நெசவாளர் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டு ஊடைக்காகக் காத்திருந்தார். புடவை சாத்த வேண்டிய ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அரிவாள்மணை அவள் வலது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. நூல் வழுக்கிக்கொண்டு போகிற விரலே அதுதான். ஊசி போட்டாயிற்று. ஆனால் புண் ஆறவே இல்லை. காயத்தோடு அம்மன் நூலைத் தொடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

நெசவாளர் போன் மேல் போன். "இன்னாங்க, தறி சும்மா நின்னுகினு கீது!"

"வேற யாராச்சும் சுத்தட்டுமே," என்றேன்.

"வேண்டிக்கினது நானு. உங்க கையால சுத்தினா தார் தொளதொளன்னு தேங்கா நார் மாதிரி இருக்கும். அம்மன் கட்டுவாளா அதை?" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஒருநாள் காலை, புண் கழுவ மருந்துக்கடையில் விற்கும் பெராக்சைடு பாட்டிலை விரல் மேல் சாய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக நுரைத்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். மறுபடி நுரை. அப்போதுதான் குழந்தையோடு வந்த மருமகள் பதறிப்போனாள். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தவள்.

"அத்தே, இன்னா பண்றீங்க?"

"அழுக்கு எடுக்கறேன்டி. தினம் ஊத்தறேன், நுரை நிக்கவே மாட்டேங்குது. உள்ள எவ்ளோ சீழ் கீதோ."

மருமகள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு பச்சை உருளைக்கிழங்கைக் கழுவி, அறுத்து, அந்தப் பெராக்சைடை அதன்மேல் ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்தது.

"இன்னாடி இது, கெழங்குக்குமா சீழ் புடிச்சிக்கீது!"

பிறகு, மசாலுக்கு வேகவைத்திருந்த கிழங்கு ஒன்றில் ஊற்றினாள். அது சும்மா கிடந்தது.

"அத்தே, உசுரு இருக்கற உடம்புல, ஒவ்வொரு செல்லுலயும் இந்த பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சம் தானாவே ஊறும். நாம சாப்பிடறதை எரிச்சு சக்தி எடுக்கறப்ப வர்றது. விட்டா செல்லையே அரிச்சிடும். அதுக்குன்னே உள்ள கேட்டலேஸ்னு ஒரு என்சைம் கீது. பெராக்சைடைத் தொட்ட உடனே தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைச்சிடும். அந்தக் காத்துதான் இந்த நுரை. வேகவெச்சா அது கெட்டுப்போய்டும்."

"அப்ப பெராக்சைடு தண்ணில நூலு நுரைக்கலியே?"

"நூலுல ஏது கேட்டலேஸ்? தடுக்க ஆளில்லாம வெளுத்துப்போவுது. உங்க விரலு தடுக்குது. ஆனா நீங்க இப்டி ஊத்திகினே இருந்தா அதால எவ்ளோதான் தாங்க முடியும்? புதுசா வளர்ற தோலு தினம் செத்துப்போவுது."

என் மனைவி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ நான் வெரட்டிகினு இருந்தது காவக்காரனையா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "உங்களுக்கு இன்னா சிரிப்பு?" என்று ஈரத்துணி பறந்து வந்தது.

பாட்டில் அலமாரிக்குப் போனது. சுத்தமான தண்ணீரில் கழுவி, துணிக்கட்டு போட்டதோடு சரி. புண் கூடி, தோல் மூடியதும் குளித்து விளக்கேற்றிவிட்டு ராட்டை முன்னால் உட்கார்ந்தாள். அரக்குச் சிவப்பு நூல் அந்த விரல் வழியாக ஓடியதை நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி வெள்ளியன்று அம்மன் அந்தப் புடவையில்தான் நின்றாள். நாம் கேட்பதற்கு முன்னாலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு காவலை வைத்தவளுக்கு நான் என்ன சொல்ல? கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இதை முள்ளிப்பட்டில் ஒருவரிடம் சொன்னேன். சில மாதத்தில் ஒரு அம்மாள் புண்ணில் உருளைக்கிழங்கு கட்டிக்கொண்டு வந்து, "உங்க வூட்டு வைத்தியம்தாங்க" என்கிறார்! ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிறருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். கிழங்கு மருந்தில்லை. நுரை அழுக்கில்லை. இதில் ஒரு வார்த்தையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.