சத்தம் அடக்கும் பலகை

என் வீட்டுக்காரருக்கு மெதுவாகப் பேச வராது. அவர் தும்மினால் எதிர் ஃபிளாட்டில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். இந்த மனிதருக்குக் கடவுள் கொடுத்த உத்தியோகம் என்ன தெரியுமா? அறைகளில் சத்தத்தை அடக்கும் பலகை விற்பது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கல்யாணமான பதினாறு வருடத்தில் நான் சிரித்து முடித்துவிட்டேன்.

கடையில் உட்கார்ந்து விற்கிற வேலை இல்லை. ஆர்க்கிடெக்டுகளின் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, எந்த அறைக்கு எது பொருந்தும் என்று யோசனை சொல்ல வேண்டும். அவர்கள் வரைபடத்தோடு தரும் பொருள் பட்டியலில் கம்பெனி பெயர் ஏறினால் ஜெயம். அந்தப் பெயருக்குப் பின்னால் "அல்லது இதற்கு இணையானது" என்று வால் ஒட்டினால் போச்சு. காண்டிராக்டர் மலிவாக எதையாவது வாங்கி மாட்டிவிடுவார். அந்த மூன்று வார்த்தையைக் கேட்ட அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறவில்லை. மாதக் கடைசிக்குள் ஒரு பெரிய வேலை வராவிட்டால், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடங்குக்கு மாற்றல் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம்.

கையில் இருந்தது ஒரே வேலைதான். மனநல ஆலோசனை மையம், இருபது அறை. அதை வரைந்த ஆர்க்கிடெக்ட் அம்மாள் கறார் பேர்வழி. அவருடைய கூட்ட அறையில் இவரே ஏணி போட்டு ஏறி, ஒரு சுவர் முழுக்க மாதிரிப் பலகை ஒட்டிக் கொடுத்தார். எதிரொலி சுத்தமாக நின்றுபோனது. அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது.

முடிவு செய்கிற நாளில் மையத்தின் டாக்டரும் அதே கூட்ட அறைக்கு வந்திருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பேனாவைத் திறந்தவர் கேட்டார்: "அப்போ உள்ள ஒருத்தர் அழுதா பக்கத்து ரூமுக்குக் கேக்காதுல்ல?"

இவருக்கு வியர்த்துவிட்டது. கேட்கும். இந்தப் பலகை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சுவரைத் தாண்டிப் போகும் பேச்சைத் தடுக்காது. மேலாளரோ, "கேட்டா தலைய ஆட்டு, பாடம் எடுக்காத" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"கம்பெனில ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்தவர், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான். காதில் வைத்துப் பேசும் பழக்கமே கிடையாது.

"அந்த டாக்டர் பாவம்டி. இதை மாட்டினா சத்தம் வெளிய போகாதுன்னு நம்பிட்டாரு. அங்க வர்றவங்க மனசு விட்டுச் சொல்றதெல்லாம் அடுத்த ரூம்ல கேட்டுடும். சொல்லிடட்டுமா?"

எனக்கு வந்ததே கோபம். "பெரிய அரிச்சந்திரன் இவரு. பொண்ணு படிப்ப நெனச்சுப் பாத்தீங்களா? வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்த வாங்கிட்டு வாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்களா?" அதோடு நிறுத்தினேனா? அவர் அம்மா, தங்கை, எங்கள் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போன சித்தப்பா என்று ஒருவரையும் விடவில்லை.

போனில் டொக் டொக்கென்று சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் குரல், நிதானமாக: "சார், எல்லாம் கேக்குது. அம்மா பேசுறதும் கேக்குது."

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் மனுஷன், தான் பலகை ஒட்டிய சுவரையே நம்பி அதற்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார். எனக்கு மானம் போய்விட்டது.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? வரவேற்புக் கூடத்துக்கு எங்கள் பலகை போதும். அறைகளுக்கு நடுவில் கனமான இரட்டைச் சுவர் வேண்டும், உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும், கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் மூட வேண்டும் என்று உள்ளே போய்ச் சொல்லிவிட்டார். அதெல்லாம் எங்கள் கம்பெனியில் கிடையாது என்று, விற்கிறவர்கள் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் இருபது அறையையும் பட்டியலில் அடித்துவிட்டு, கூடத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். மறுநாளே மாற்றல் கடிதம் வந்தது. நான் இவரோடு பேசவில்லை. சமையலறையில் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் ஆர்க்கிடெக்ட் அம்மாள் மேலாளரைக் கூப்பிட்டார். "அவர் வந்தா உங்க பலகை. வேற ஆள அனுப்பினீங்கன்னா வேற கம்பெனி பாத்துக்கறேன்." அந்த அம்மாள் கையில் அப்போது இரண்டு பள்ளிக்கூடமும் ஒரு நூலகமும் இருந்தன. மேலாளர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இவர் வந்து சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

"அந்தம்மா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "டாக்டர்தான், மையம் திறந்ததும் முதல்ல நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கார்."

"திறப்பு விழாவுக்கா?"

"இல்ல. உள்ள, ரூமுக்கு. ஒரு மணி நேரம் பேசணுமாம்."