பாசித் தொட்டியில் நல்ல தண்ணீர்

கண்ணுக்குத் தெரியாத உயிரை வளர்த்துப் பிழைப்பவனிடம், அது செத்த பிறகுதான் ஊர் வந்து விசாரிக்கும். போடியிலிருந்து பொட்டிபுரம் போகும் வழியில் சத்துப்பொடிக்காக ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியை வளர்க்கும் ஒரு பண்ணையில் நான் மேற்பார்வை பார்க்கிறேன். ஆறு சிமெண்டுத் தொட்டி, ஒரு மைக்ரோஸ்கோப், கூட வேலைக்கு ஒரே ஒரு ஆள். கோழி வளர்ப்பவர்களே, பட்டுப்புழு வளர்ப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்களுக்காவது செத்ததைக் கையில் எடுத்துக் காட்டி அழ முடியும், எனக்கு அதுவும் கிடையாது.

வாங்க வந்தவர்

பாசியைத் துணியில் வடிகட்டி, இடியாப்ப உழக்கில் பிழிந்து, வெயிலில் காயவைத்துப் பொடியாக்கி விற்போம். முதலாளிக்கு ஏலக்காய் வியாபாரம்தான் பழைய தொழில். அவருடைய சிநேகிதர் ஒருவர், அவரும் ஏலக்காய்க்காரர், சரக்குப் பார்க்க வந்தார். காய்ந்த பாசியை விரலிடுக்கில் உருட்டினார், மோந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீன் நாற்றம் பிடிக்காமல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே முதலாளியிடம் சொன்னார்:

"ஏலக்கான்னா கையில எடுத்ததும் வெல சொல்லிருவேன். கொளத்துல கால வழுக்கிவிடுற சாமானத் தொட்டி கட்டி வளக்குறீகளே மாப்ளே, இதுல எதப் பாத்து என்னத்தச் சொல்ல?"

போர்த் தண்ணீர்

அந்தக் கோடையில் போர் வற்றிப்போய், இன்னும் ஆழமாகப் போட்டோம். தண்ணீர் வந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரு பாட்டில் பாசியில் அதை ஊற்றிப் பார்த்தேன். ஒரே நாளில் வெளுத்துச் சுருங்கிவிட்டது. வெளியே உப்பு திடீரென்று ஏறினால் பாசியின் உடம்பிலிருக்கும் தண்ணீரை அது உறிஞ்சி எடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால், பாசி தனக்குள்ளேயே சர்க்கரை மாதிரி ஒன்றைச் செய்து சேர்த்துக்கொண்டு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு நாள் வேண்டும். அதனால் தினமும் தொட்டிக்குச் சில வாளி என்று உப்புத் தண்ணீரைக் கலந்தோம்.

கலந்தது ஈஸ்வரி. என்னோடு வேலை பார்த்த அந்த ஒரே ஆள். முன்பு தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனவள். ஜீப்பிலிருந்து விழுந்த வீட்டுக்காரர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுக்கையில் கிடக்கிறார். பண்ணையிலிருந்து வீடு கூப்பிடு தூரம். மத்தியானம் ஓடிப்போய் அவருக்குச் சோறு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடுவாள். அதற்காகவே இந்த வேலையை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாசி வளராமல் அப்படியே நின்ற நாட்களில் அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் தொட்டியில் பச்சை திரும்பியது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"பொழச்சுக்கிருச்சுண்ணே! இனி நான் மலைக்கு ஜீப்பு ஏற வேணாம்ல?"

இரண்டு நாள் லீவு

தேவாரத்தில் தங்கச்சி வீட்டுக் காதுகுத்து. கிளம்புகிற அவசரத்தில் பஸ்சைப் பார்த்துக்கொண்டே ஈஸ்வரியிடம் சொன்னேன்: "வெயிலுக்குத் தண்ணி சுண்டும், உப்பு கூடும். கூடுனா பாசி செத்துரும், பாத்துக்க." என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை.

மறுநாள் தொட்டிகளில் நாலு விரல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பண்ணையில் கொட்டகை கட்ட, குரங்கணிப் பக்கத்துக் கிணற்றிலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வந்திருந்தது. டிரைவரிடம் கெஞ்சி, பாசி போகாமல் துணி கட்டி உப்புத் தண்ணீரில் பாதியைத் திறந்துவிட்டு, ஐந்து தொட்டிகளை நிரப்பிவிட்டாள். ஆறாவதுக்கு வரும்போது லாரி காலி.

நான் திரும்பி வந்தபோது ஐந்து தொட்டியும் நீலமாக நுரைத்து நாறிக்கொண்டிருந்தது. உப்புக்குப் பழகிய பாசி உள்ளே சேர்த்துவைத்தது அப்படியே இருக்க, வெளியே சட்டென்று உப்பு குறைந்தால் தண்ணீர் திபுதிபுவென்று உள்ளே புகுந்து அதை வெடிக்கவைத்துவிடும். உள்ளிருந்த சாயம்தான் அந்த நீலம். உப்பை ஏற்றுவதுபோல இறக்குவதற்கும் நாள் கொடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியும். அவளுக்கு நான் சொன்னதில்லை.

"வாடுன ஏலச்செடிக்கு நல்ல தண்ணி விட்டா நிமிந்துக்கிருமேண்ணே. இதுக்கும் அப்படித்தானேண்ணே செஞ்சேன்?"

முதலாளி கேட்டது

முதலாளி வந்தார். தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "யாரு செஞ்ச சோலி இது?" என்றார். ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். "உப்புக்குப் பயப்படச் சொல்லிக்கொடுத்தவன் நான், பாதியில் விட்டவனும் நான்" என்று சொல்லியிருக்கவேண்டும். "ஈஸ்வரிதான் ஊத்துச்சு" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. கோபம் தணிந்ததும் விவரமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை, அதனால் தணியவும் இல்லை.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்க ஆத்தா. நாளைலருந்து வேற எடம் பாத்துக்க."

ஜீப் நிற்கும் இடம்

ஆறாவது தொட்டியிலிருந்து விதைப்பாசி எடுத்துப் பெருக்கி, ஒன்றரை மாதத்தில் எல்லாத் தொட்டியையும் பச்சையாக்கிவிட்டேன். ஒருநாள் விடிகாலை போடியில், தோட்டத்து ஜீப்புகள் நிற்கும் இடத்தில் ஈஸ்வரி தூக்குவாளியோடு நின்றாள். பார்க்காததுபோல நழுவப் பார்த்தேன், அவளே கூப்பிட்டாள். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். பக்கத்து வீட்டில் மத்தியானம் கஞ்சி ஊற்றுகிறார்களாம், புரட்டிப்போடத்தான் ஆளில்லையாம், முதுகில் புண் வைத்துவிட்டதாம். "அன்னைக்கு நான் முதலாளிகிட்ட..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் டிரைவர் வெரசா ஏறச் சொல்லிச் சத்தம் போட்டான். அவள் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, கடைசித் தொட்டி பிழைத்ததா என்று கேட்டாள். பிழைத்தது என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல வேளண்ணே, அன்னைக்கு லாரில தண்ணி தீந்துச்சு."

எங்கள் பண்ணையில் இதுவரை ஒரு தப்பும் செய்யாத ஆள் நான்தான் என்று, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.