ஸ்காட்லாந்தில் அடித்த வெயில்

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கு கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். வெயிலில் வேலை பார்ப்பவர்கள் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதை இன்னும் நன்றாகக் கற்றுவரச் சொல்லி என்னையும் பர்ச்சேஸ் மேனேஜரையும் ஒரு கோடையில் வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்கே என்றால், ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு.

மேனேஜர் கீழக்கரைக்காரர். துபாயிலேயே தலை நரைத்தவர். "வெயிலப் பத்திப் படிக்க அங்க எதுக்குத் தம்பி போகணும்? மத்தியானம் நம்ம லோடிங் பே வாசல்ல நின்னா போதாதா?" என்றார். ஆனாலும் கிளம்பிவிட்டார். எங்களிடம் குளிருக்கு உடுப்பு இல்லை. கிடங்கின் ஃப்ரீஸர் அறையில் வேலை பார்ப்பவர்கள் போடும் தடித்த ஜாக்கெட் இரண்டை இரவல் வாங்கிக்கொண்டோம்.

அங்கே மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்து அறைந்தது. வரவேற்க வந்த பேராசிரியர் அரைக்கைச் சட்டையில் நின்றுகொண்டு, "நல்ல வெயில் காலத்தில் வந்திருக்கிறீர்கள்" என்று கை குலுக்கினார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது எனக்குப் புரியவே வெகுநேரம் ஆனது.

இரண்டு நாள் வகுப்பில் நடுங்கிக்கொண்டே வெப்பத்தைப் பற்றிப் படித்தோம். பிறகு அவருடைய ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சிறிய அறை. உள்ளே வளைகுடாவின் ஆகஸ்ட் மாதத்தை அப்படியே உண்டாக்கியிருந்தார்கள். ஒருவர் உள்ளே போய் நடக்க வேண்டும், இதயத் துடிப்பை வெளியே அளப்பார்கள். முடியாவிட்டால் கையைத் தூக்கினால் போதும், டாக்டர் தயாராக இருக்கிறார் என்றார்கள்.

"நீங்க போங்க தம்பி, சின்ன வயசு" என்று மேனேஜர் என்னைத் தள்ளிவிட்டார்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஊர் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. கால்விரல்கள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சொன்னபடி நடந்து முடித்து, ஓய்வெடுக்கப் போட்டிருந்த கட்டிலில் படுத்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

வெளியே ஒரே களேபரம். கதவைத் திறந்து டாக்டர் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கூடவே குளிர்காற்றும் வந்தது.

"கதவ மூடுங்கய்யா!" என்று கத்தினேன்.

"என்ன சொல்கிறார்?" என்று பதறினார் பேராசிரியர்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேங்குறாரு" என்று ஆங்கிலத்தில் விளக்கிய மேனேஜர், ஜாக்கெட்டைக் கழற்றினார். "அடுத்து நான் போறேன் சார்."

வெளியில் இருந்ததைவிட உள்ளே என் இதயம் நிதானமாகத் துடித்திருக்கிறது. மேனேஜருக்கும் அப்படியே. பேராசிரியர் கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். எங்கள் கணக்கு ஆராய்ச்சிக்கு உதவாது என்று வருத்தத்தோடு சொன்னார். மறுபடி வேண்டுமானாலும் படுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

திரும்பி வந்தால், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வாசலில் பெரிய போஸ்டர். ஆய்வுக்கூடத்தில் மேனேஜர் போனில் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிய படம். நான் மல்லாந்து கிடக்க, டாக்டர் என் கையைப் பிடித்திருக்கிறார். கீழே இந்தியிலும் தமிழிலும், "தண்ணீர் குடிக்காவிட்டால் இந்தக் கதிதான்." நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன் என்று ஆபீசில் சொல்லிப் பார்த்தேன். "கலாஸ் பாய், முடிஞ்சுபோச்சு, பிரிண்ட் ஆயிடுச்சு" என்றார்கள்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் என்னை மெல்ல ஓரங்கட்டினார்.

"ஏண்ணே, அந்த ஊர்ல அம்புட்டு வெயிலா?"

அவர் முகத்தில் இருந்த கவலையைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. "ஆமாப்பா" என்றேன். அவர் என் முன்னாலேயே பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.